மிஸ் ஹார்வெலின் அறுக்காத தாள்கள்

2 நவம்பர் 2023, வியாழன்

கல்லறைத் திருநாள். பெர்னதெத்தின் கல்லறையில் சாமந்தி வைத்து மெழுகுவத்தி ஏற்றினேன். தூறலில் மூன்று முறை அணைந்தது. அவள் போய் எட்டு வருடம் ஆகிறது. நான் ஏற்றும் மெழுகுவத்தி ஒன்றுகூட இதுவரை முதல் தடவையில் பற்றியதில்லை. இருக்கும்போதும் அப்படித்தான், நான் சொன்ன எதற்கும் என் மனைவி முதல் தடவையில் சரி சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்தால் ஒரு மின்னஞ்சல். சென்னையில் ஒரு கல்லூரியில் பிரெஞ்சு கற்பிக்கும் மெஹருன்னிசா என்பவர் எழுதியிருக்கிறார். ஆங்கிலேயப் பெண்கள் எழுதி, போன நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் பிரெஞ்சில் வந்த நாவல்களைப் பட்டியல் போடுகிறாராம். என்னிடம் இருக்கும் நூற்றுப் பன்னிரண்டையும் பார்க்க வேண்டுமாம். "ஒரு தனி மனிதரிடம், அதுவும் புதுச்சேரியில், இப்படி ஒரு தொகுப்பு இருப்பது அதிர்ச்சியாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். மூன்று முறை படித்தேன். எழுபது வயதில் ஒருவருக்கு அதிர்ச்சி கொடுக்க முடிகிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது இருபத்திரண்டு வயதில். ஊரைக் காலி செய்து பிரான்சுக்குப் போன ஒரு நீதிபதியின் வீட்டுச் சாமான்களோடு ஒரு கூடைப் புத்தகம் வாங்கினேன். அதில் ஒன்றில், எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஓர் ஆங்கிலேய மாது' என்று இருந்தது. மொழிபெயர்த்தவருக்கு ஒரு முதலெழுத்தும் மூன்று நட்சத்திரமும். ஒரே அட்டைக்குள் இரண்டு பெண்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்றிலிருந்து தேடித் தேடி, இருபத்துமூன்று பெண்களின் உண்மைப் பெயரைக் கண்டுபிடித்திருக்கிறேன். குரல் வெளியே கேட்காமல் போன பெண்களுக்காக இந்த ஊரில் வேறு யார் இவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

6 நவம்பர், திங்கள்

நிஷா வந்துவிட்டார். அப்படித்தான் கூப்பிடச் சொன்னார். நாற்பத்தைந்து வயதிருக்கும், காரைக்கால்காரர். கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் அலமாரியைத் தொட்டார். அதிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. என்னை 'முசே' என்கிறார். எங்கள் ஊரில் பிரெஞ்சு வாத்தியார்களை அப்படித்தான் கூப்பிடுவது. ஓய்வு பெற்றதிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்காமல் காது காய்ந்து கிடந்தது.

மதியம் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு கீழ்த்தட்டுக் கண்ணாடியைத் திறந்து 'மிஸ் ஹார்வெல்' இரண்டு பாகங்களையும் எடுத்தார். பாரிஸ், 1861.

"முசே, ரெண்டு பாகமும் முழுசா இருக்கா?"

"முழுசா இருக்கு. பாரிஸ்ல இருக்கிற பிரதியிலகூட கடைசி நாப்பது பக்கம் கிடையாது."

"தெரியும். மொழிபெயர்த்தவங்க முடிவையே மாத்திட்டாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. அதைப் பாக்கத்தான் வந்ததே." இரண்டாம் பாகத்தைத் திறந்தவர் நிறுத்திக்கொண்டார். "தாளே அறுக்கலையே."

அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் புத்தகங்கள் அப்படித்தான் வரும். அச்சான பெரிய தாளை மடித்துத் தைத்து, வெறும் காகித அட்டை போட்டு விற்றுவிடுவார்கள். மேலேயும் ஓரத்திலும் மடிப்பு மூடியிருக்கும், கீழே மட்டும் திறந்திருக்கும். வாங்கியவர் கத்தியால் அறுத்து அறுத்துத்தான் படிக்க வேண்டும்.

"அறுக்காத பிரதி. அதுக்குத்தான் மதிப்பு" என்றேன்.

அவர் அலமாரியை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். "மத்த நூத்திப் பதினொண்ணும் அறுத்திருக்கே முசே. இது மட்டும் ஏன்?"

வீட்டு வேலைக்கு வரும் கன்னியம்மாவைக் காப்பி கொண்டுவரச் சொன்னேன்.

"நீங்க சரின்னா நாம அறுத்திடலாம். கடைசி நாப்பது பக்கம் போதும்."

அடுத்தவர் வீட்டுக்கு வந்த முதல் நாளே கத்தியைக் கேட்கிற படித்தவர்களை நான் பார்த்ததில்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன். நியாயமாகத்தான் சொன்னேன்.

7 நவம்பர்

மோட்டார் பழுது. நாள் முழுக்கத் தண்ணீர் இல்லை. நிஷாவிடம் பேசவில்லை, வேலை இருந்தது.

8 நவம்பர், புதன்

'இது மட்டும் ஏன்' என்று அவர் கேட்டது காதிலேயே நிற்கிறது. எழுதிவிட்டால் போய்விடும்.

அந்தப் புத்தகம் என் மகள் ஒதீல் கொடுத்தது. 2004 ஆகஸ்டு 15, மாதா பரலோகத் திருநாள். என் பிறந்தநாளும் அதுதான். நான் இருபது வருடம் தேடிக் கிடைக்காததை, லியோனில் இருந்த தோழியைப் பிடித்து வரவழைத்திருந்தாள். காரியம் ஆக வேண்டியிருந்தது அவளுக்கு. சவரிநாதன் என்று ஒருவன், ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவனைத்தான் கட்டுவேன் என்று ஆறு மாதமாக வீட்டில் யுத்தம். அவனும் எங்கள் கோயிலுக்கு வருகிறவன்தான். அவன் வீட்டார் எந்தப் பக்கத்து வரிசையில் உட்காருவார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. படிப்பு போதாது என்று மட்டும்தான் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துப் பெட்டியோடு அத்தை வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. செப்டம்பரில் கல்யாணம் நடந்தது. பெர்னதெத் அன்றைக்கு அக்காவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் செய்தித்தாளை மடக்கவில்லை.

பெற்ற அப்பனை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. எனக்கு அதுதான். மற்றதையெல்லாம் மன்னித்திருப்பேன். கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். இதைப் பத்தொன்பது வருடமாகப் போகிற வருகிற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

புத்தகத்தை அறுக்காததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முதல் வாரம் பெர்னதெத் இரண்டு முறை சொன்னாள். "புள்ள ஆசையா குடுத்தது, பிரிச்சித்தான் பாருங்களேன்" என்றாள். அறுக்காத பிரதிக்கு மதிப்பு அதிகம் என்று அவளிடமும் சொன்னேன். மூன்றாம் முறை அவள் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மற்ற நூற்றுப் பதினொன்றில் முக்கால்வாசியை அறுக்கும்போது பிடித்துக்கொண்டது ஒதீல். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் வேலை. அவளுக்கு ஆறு வயதில் ஆரம்பித்தது. புத்தகத்தை இரண்டு கையாலும் மேசையோடு அழுத்திப் பிடிப்பாள், நான் எலும்புக் கத்தியை மடிப்புக்குள் விட்டு இழுப்பேன். கொஞ்சம் அசைந்தாலும் தாள் கிழியும். "பிடி ஆடக்கூடாது" என்பேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு தாள்கூடக் கிழிந்ததில்லை.

9 நவம்பர், வியாழன்

சர்க்கரை டப்பாவில் எறும்பு. நிஷாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் கடைசி நாற்பது பக்கத்தில் ஆரம்பிக்கக் கூடாது, முதல் பக்கத்திலிருந்துதான் என்றேன். என் வீட்டில் அதுதான் முறை. தலையாட்டினார். அவர் பிடித்துக்கொண்டார், நான் அறுத்தேன். நூற்று இருபது பக்கம் ஆனது. கை மறக்கவில்லை.

10 நவம்பர், வெள்ளி

பக்கம் 262. எழுத முடியவில்லை.

11 நவம்பர், சனி

மடிப்பை அறுத்ததும் உள்ளே இன்னொரு தாள் இருந்தது. பழைய ஏர் மெயில் தாள், வெங்காயச் சருகு கனம்தான். பத்தொன்பது வருடமாகத் தூசி தட்டி எடுத்து வைத்திருக்கிறேன், ஒரு நாளும் கையில் தட்டுப்படவில்லை. நிஷாதான் முதலில் பார்த்தார். "தமிழ்ல இருக்கு முசே" என்றார். எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் காதுக்குள் ஒரு சத்தம் கேட்டது. கத்தியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, சாயங்காலம் கன்னியம்மா நாற்காலிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அப்படியே எழுதி வைக்கிறேன்.

'அப்பா, இதைப் படிக்கும்போது நீங்கள் 262ஆம் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். நாளுக்கு முப்பது பக்கம் என்றால் ஒன்பதாம் நாள். நடுவில் நாலைந்து நாள் கோபத்தில் தொடாமல் போட்டிருப்பீர்கள், அதையும் சேர்த்துக்கொண்டேன். நேரில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துவோம். கடிதமாகக் கொடுத்தால் கிழித்துவிடுவீர்கள். புத்தகத்துக்குள் வைத்தால் நீங்களே அறுத்து எடுத்துத்தானே ஆக வேண்டும்?

செவ்வாய்க்கிழமை அத்தை வீட்டுக்குப் போகிறேன். கொஞ்ச நாள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருப்பது நல்லது. கல்யாணத் தேதி இன்னும் வைக்கவில்லை. கோயில் சாமியார் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீங்கள் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போகாத தேதி எனக்கு எதற்கு?

29ஆம் தேதி ஞாயிறு காலை ஆறு மணிக்கு, கடற்கரையில் நீங்கள் நடந்து வந்து திரும்புகிற இடத்தில், டூப்ளே சிலைக்குக் கீழே நிற்பேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். பக்கத்தில் வந்து நின்றால் போதும். வராவிட்டால் அதுவும் பதில்தான், பிறகு தொந்தரவு செய்ய மாட்டேன்.

அம்மாவுக்கு இது தெரியாது. மடிப்புக்குள் எட்டிப் பார்த்தேன். மிஸ் ஹார்வெல் வீட்டை விட்டுப் போகிற இடம் என்று நினைக்கிறேன். பிடி ஆடாமல் படியுங்கள். ஒதீல்.'

262ஆம் பக்கத்தில் மிஸ் ஹார்வெல் வாத்துகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

கூப்பிட்டிருக்கிறாள். என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். இதைத் தவிர வேறு எதையும் நேற்றிலிருந்து நினைக்க முடியவில்லை.

நிஷாவுக்கு விஷயத்தைச் சொல்லும்படி ஆகிவிட்டது. அவர் நல்லவர். "நீங்க படிக்கவே இல்லன்னு இந்தப் புத்தகமே சாட்சி முசே. மீதி மடிப்பு அப்படியே இருக்கே. நானும் கூட இருந்து பாத்தேன். உங்க மகளுக்கு நானே வேணும்னாலும் எழுதுறேன்" என்றார். நெஞ்சில் ஏறியிருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது. ஆமாம், நான் படிக்கவில்லை. எனக்குத் தெரியாது. தெரியாமல் நடந்ததற்கு யாரை என்ன சொல்ல முடியும்?

12 நவம்பர், ஞாயிறு

தீபாவளி. தெருவெல்லாம் வெடி. பூசைக்குப் போகவில்லை.

அன்றைக்கு, அந்த 29ஆம் தேதி, நான் எங்கே இருந்தேன் என்று பார்க்கலாம் என்று பழைய டைரிகளை இறக்கினேன். காய்ச்சலாகப் படுத்திருந்தேன் என்றோ மழை என்றோ எழுதியிருக்கும் என்று நினைத்தேன். அப்படி இருந்தால் அதையும் ஒதீலுக்குச் சொல்லலாம்.

'29 ஆகஸ்டு 2004, ஞாயிறு. காலையில் கடற்கரை. டூப்ளே சிலையடியில் அவள் நின்றிருந்தாள். நீலச் சுரிதார். அவனுக்காகக் காத்திருக்கிறாள் போலும். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். முப்பதடி இருக்கும். திரும்பிவிட்டேன். பெர்னதெத்திடம் சொல்லவில்லை. இட்லி கல்லாக இருந்தது.'

என் கையெழுத்துதான். 'கல்லாக' என்ற இடத்தில் பேனா அழுத்தி மசி ஊறியிருக்கிறது.

இதை எப்படி மறந்தேன்? மறந்தேன் என்று எழுதுவதும் பொய். அன்றிலிருந்து நான் கலங்கரை விளக்கத்தோடு திரும்பிவிடுகிறேன், அதற்கு அப்பால் போவதே இல்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்று சொன்னேன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை.

13 நவம்பர், திங்கள்

பெர்னதெத்தின் ஜெபப் புத்தகத்தின் பின் அட்டையில் ஒதீலின் எண் இருக்கிறது. துலூஸில் இருக்கிறார்கள். நான் அந்த எண்ணை ஒருமுறைகூட அழைத்ததில்லை. அம்மா சாவுக்கு வந்தபோது ஐந்து நாள் இந்த வீட்டில் இருந்தாள். 'சாப்பிட்டீங்களா' என்றாள், 'ஆச்சு' என்றேன். கிளம்புகிற அன்று இந்த அலமாரிக்கு முன்னால் வந்து நின்று, கண்ணாடிக்குள் 'மிஸ் ஹார்வெல்' இருப்பதைப் பார்த்துக்கொண்டே "பிடிச்சுதா?" என்று கேட்டாள். "பத்திரமா இருக்கு" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். திருப்பிக் கேட்கிறாளோ என்று அப்போது நினைத்தேன்.

வாட்ஸப்பில் கடிதத்தைப் படம் பிடித்து வைத்தேன். அறுக்காத இரண்டாம் பாகத்தையும் படம் பிடித்தேன். 'ஒதீல், உன் கடிதத்தை மூன்று நாளுக்கு முன்புதான் பார்த்தேன். புத்தகத்தை நான் அறுக்கவே இல்லை, படத்தைப் பார். எனக்குத் தெரியாது' என்று எழுதினேன். நல்ல கடிதம். ஒரு பொய்கூட இல்லை.

அனுப்பவில்லை.

14 நவம்பர்

காஸ் சிலிண்டர் வந்தது. அனுப்பவில்லை.

15 நவம்பர், புதன்

காலையில் அந்த டைரியின் 29ஆம் தேதிப் பக்கத்துக்கு அடியில் எலும்புக் கத்தியை வைத்தேன். இழுத்தால் வந்துவிடும். அவளுக்கு நான் திரும்பிப் போனது தெரியும். ஆனால் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன் என்பதற்கு என் கையெழுத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. கண் சரியாகத் தெரியவில்லை, வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லலாம். அறுக்காத தாளைக் காட்டினால் இதையும் நம்பிவிடுவாள்.

கன்னியம்மா துடைப்பத்தோடு வந்தாள். "பழைய பேப்பரு போடறதா இருந்தா சொல்லுங்கய்யா, தெருவுல வண்டி நிக்கிது" என்றாள். இல்லை என்று டைரியை மூடினேன்.

கடிதத்தைப் படிக்காமல் விட்டது தெரியாமல் செய்தது. திரும்பி நடந்தது தெரிந்தே செய்தது. அவள் கையைத் தூக்கினாள், அது எனக்குத்தான் என்று எனக்கு அப்போதே தெரியும். 'அவனுக்காக' என்று டைரியில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். நான் எழுதி நானே படிக்கிற டைரியில் யாரை ஏமாற்ற எழுதினேன்? வெட்கமாக இருக்கிறது.

பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். கடிதம், அறுக்காத பாகம், டைரிப் பக்கம். கீழே 'மன்னிப்பாயா' என்று எழுதி, அதை அழித்து, 'அப்பா' என்று மட்டும் போட்டேன்.

16 நவம்பர்

இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. பதில் இல்லை.

17 நவம்பர், வெள்ளி

பதில் இல்லை. நிஷாவின் பட்டியல் முடிந்துவிட்டது, நாளை சென்னைக்குப் போகிறார். வந்த காரியமான கடைசி நாற்பது பக்கத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. நானே சொன்னேன், கொஞ்சம் பொறுங்கள், இப்போது கத்தியை எடுக்க எனக்குக் கை வரவில்லை என்று. "நூத்தி அறுபது வருஷமா மூடியே கிடந்துச்சு முசே. எனக்கென்ன அவசரம்" என்றார். சாயங்காலம் கிளம்பும்போது எறும்புப் பொடி ஒரு பாக்கெட் வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

19 நவம்பர், ஞாயிறு

மதியம் ஒன்றரைக்கு ஒதீல் அழைத்தாள். அங்கே காலை ஒன்பது. பேசியதை மறப்பதற்குள் எழுதுகிறேன். மறக்கவும் போவதில்லை.

"அப்பா."

"சொல்லும்மா." பத்தொன்பது வருடம் கழித்து இந்த வார்த்தை என் வாயில் வந்தது.

"அனுப்புனத பாத்தேன். ரெண்டு தடவ படிச்சேன்." பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். யாரோ நிறுத்தினார்கள். "அப்போ நீங்க லெட்டர படிக்கவே இல்லையா?"

"சத்தியமா இல்லம்மா. புத்தகத்தப் பிரிக்கவே இல்ல. நீ கூப்பிட்டது எனக்குத் தெரியவே தெரியாது." இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. இதைக் கேட்டதும் அவளுக்கும் பாரம் குறையும் என்று நம்பினேன்.

"நீங்க படிச்சீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்பா" என்றாள். "படிச்சிட்டு, அவ்ளோ கோவத்தோட, எனக்காகக் கெளம்பி வந்தீங்க. கடைசி முப்பதடி மட்டும் வர முடியாமத் திரும்பிட்டீங்க. அப்படித்தான் நெனச்சேன். சவரிகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். பசங்க கேக்கறப்பல்லாம் தாத்தா வந்தாரு, கிட்ட வரத்தான் முடியல, அவரு அவ்ளோதான்னு சொல்லி வெச்சிருக்கேன். வந்தீங்களே, அது போதும்னு அத வெச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா சாவுக்கு வந்தப்ப கேட்டேன். பத்திரமா இருக்குன்னீங்க. லெட்டரச் சொல்றீங்கன்னு நெனச்சேன். ஊருக்குத் திரும்பிப் போற ப்ளேன்ல பூரா அழுதேன், சந்தோஷமா." குரல் மெதுவாகத்தான் இருந்தது. "அன்னைக்கி நீங்க சும்மா வாக்கிங்தான் வந்தீங்க. இல்லப்பா?"

"ஆமாம்மா."

"அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் பாரத்தை இறக்கி வைப்பதாக நினைத்து, அவளிடம் இருந்த ஒன்றே ஒன்றையும் பிடுங்கிக்கொண்டேன். எனக்கே தெரியாத ஒரு நல்ல அப்பா துலூஸில் பத்தொன்பது வருடம் உயிரோடு இருந்திருக்கிறான். இன்றைக்கு மதியம் ஒன்றரை மணிக்கு அவனை நான் கொன்றுவிட்டேன்.

இரண்டு பிள்ளைகள் என்று பெர்னதெத் சொல்லியிருக்கிறாள். கேட்காததுபோலக் கேட்டிருக்கிறேன். பெயர் கேட்டதில்லை.

20 நவம்பர்

டூப்ளே சிலை வரைக்கும் நடந்தேன். முழங்கால் வலிக்கவில்லை.

22 நவம்பர், புதன்

காலையில் ஒதீலிடமிருந்து ஒரே வரி. 'மீதி எத்தனை மடிப்பு அறுக்காம இருக்கு?'

மேசையில் இரண்டு பாகங்களையும் வைத்துக்கொண்டு எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன், மூன்றாவது தடவைதான் கணக்கு நின்றது. தொண்ணூற்று நான்கு. அனுப்பினேன்.

மதியம் பதில் வந்தது. 'அப்படியே இருக்கட்டும். டிசம்பர் 23 வரோம், நாலு பேரும். நான் பிடிச்சுக்கறேன், நீங்க அறுங்க.'

மாடி அறையைக் கழுவிவிடச் சொல்லிக் கன்னியம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் இன்னொன்று வந்தது.

'அந்த டைரியையும் எடுத்து வெச்சிருங்க. நான் வீட்ட விட்டுப் போறதுக்கு முந்தின நாள் பக்கத்தையும் சேத்து. அத நீங்களே வாயால படிக்கணும். சவரி முன்னாடி.'

சரி என்று அனுப்பிவிட்டேன். யோசித்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.

23 நவம்பர், வியாழன்

அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் ஒரு நாள் ஓட்டினேன். மழை நின்றதும் டைரியைத் திறந்தேன். 16 ஆகஸ்டு 2004, திங்கள். என் பிறந்தநாளுக்கு மறுநாள்.

அந்தப் பக்கத்தில் சவரிநாதன் வீட்டாரைப் பற்றி நான் எழுதியிருக்கும் சொல்லை இங்கே மறுபடி எழுத மாட்டேன். சாப்பாட்டு மேசையில், பெர்னதெத் குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கும்போது, அதை ஒதீலின் முகத்துக்கு நேராகச் சொன்னேன் என்றும் எழுதியிருக்கிறேன். சொன்னதும் வீடு அமைதியானது என்று திருப்தியோடு எழுதியிருக்கிறேன். பக்கம் முழுக்கத் தேடினேன். படிப்பு என்ற வார்த்தை எங்கேயும் இல்லை.

பதினைந்து நாளைக்கு முன்பு இதே டைரியில், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்று எழுதினேன். எழுதும்போது அதை நம்பித்தான் எழுதினேன்.

கடிதத்தை அவள் புத்தகத்துக்குள் வைத்தது 15ஆம் தேதிக்கு முன்னால். இந்தச் சொல்லை நான் சொன்னது 16ஆம் தேதி. அதைக் கேட்ட பிறகும், சொன்ன தேதியில், ஆறு மணிக்கு வந்து நின்றிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கியிருக்கிறாள்.

எலும்புக் கத்தியைத் துடைத்து மேசை இழுப்பறையில் வைத்தேன். 'மிஸ் ஹார்வெல்' இரண்டு பாகங்களையும் மேல்தட்டுக்கு மாற்றி, பக்கத்தில் 2004 டைரியை நிறுத்தினேன். அதில் எல்லாப் பக்கமும் இருக்கிறது. இன்னும் முப்பது நாள்.